பெட்டிக்குள் ஒரு மொழி வேண்டும்

ப்யூர் டேட்டாவோடு ஒரு ஸ்கிரிப்டிங் மொழியும் கூடவே வர வேண்டும் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், மூன்று பதில்கள் வரிசை கட்டி வந்து நிற்கும்.

ஒன்று: "இது படம் வரைந்து நிரல் செய்கிற இடம். இங்கே எழுத்துக்கு என்ன வேலை?"

இரண்டு: "எழுதத்தான் ஆசை என்றால் சூப்பர்கொலைடருக்குப் போக வேண்டியதுதானே?"

மூன்று: "அதான் எக்ஸ்டர்னலாகக் கிடைக்கிறதே, இறக்கிப் போட்டுக்கொள்."

மூன்றும் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். முதல் இரண்டும் சாதாரணத் தவறுகள், போகட்டும் என்று விட்டுவிடலாம். மூன்றாவதை அப்படி விட முடியாது. அது ஏற்கனவே எழுதி முடித்த இசையைக் கொல்கிற தவறு. எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில், இது என்ன சாமான்?

(தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம்.)

1980களின் நடுவில் பாரிஸின் இர்காம் ஆய்வகத்தில் மில்லர் பக்கெட் என்பவர் 'பேட்சர்' என்று ஒரு மென்பொருள் எழுதினார். கணினி இசையின் பிதாமகர் மேக்ஸ் மேத்யூஸின் பெயரையொட்டி அதற்கு 'மேக்ஸ்' என்று பெயர் வந்தது. 1990ல் ஆப்கோட் நிறுவனம் அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. டேவிட் ஸிகரெல்லியின் சைக்ளிங் '74 நிறுவனம் பின்னால் அதை எடுத்து வளர்த்தது. 2017 முதல் அந்த நிறுவனம் ஏபிள்டனின் கையில். பக்கெட் அமெரிக்காவுக்குப் போய் 1990களின் நடுவில் அதே எண்ணத்தை முதலிலிருந்து திரும்ப எழுதினார். அதுதான் ப்யூர் டேட்டா, சுருக்கமாகப் பி.டி. கட்டற்ற மென்பொருள். காசு வேண்டாம், மூல நிரலும் திறந்தே கிடக்கிறது.

இரண்டிலும் வேலை ஒரே மாதிரிதான். வெள்ளைத் திரை. அதில் பெட்டிகள். ஒரு பெட்டி ஒலி அலையை உண்டாக்கும், இன்னொன்று பெருக்கும், மற்றொன்று ஒலிபெருக்கிக்கு அனுப்பும். பெட்டிகளின் தலையில் உள்வாசல்கள், காலில் வெளிவாசல்கள். நடுவே கம்பி இழுத்து இணைக்க வேண்டியதுதான். இப்படி வரைந்த படத்துக்குப் பேட்ச் என்று பெயர். வரையும்போதே ஒலி கேட்கும். எழுதி, கம்பைல் செய்து, பிழை பார்த்து, மறுபடி ஓட்டுகிற சமாசாரமே கிடையாது. நிரல் என்றால் என்னவென்றே தெரியாத ஒரு புல்லாங்குழல் கலைஞர்கூட அரை மணி நேரத்தில் தன் ஒலியை எதிரொலிக்க வைத்துவிடலாம். இந்த அருமையை யாரும் மறுக்கவில்லை. சண்டை அதைப் பற்றியதே அல்ல.

படம் எங்கே தடுமாறுகிறது?

ஒலி ஓடுவதைக் காட்டப் படத்தை மிஞ்சிய வழியில்லை. தண்ணீர்க் குழாய் மாதிரி, இங்கே நுழைந்து அங்கே வெளியேறுகிறது. ஆனால் இசை என்பது ஒலி ஓடுவது மட்டுமா? எந்தச் சுரம், எப்போது, எத்தனை முறை, முன்னால் வந்ததா, வந்திருந்தால் என்ன செய்வது... இவையெல்லாம் முடிவுகள். முடிவெடுப்பதைக் குழாயால் காட்டப் போனால் வரும் வினை.

ஒரு சின்ன வேலை. எட்டுச் சுரங்கள் வருகின்றன. இரண்டு முறை வந்ததை நீக்கிவிட்டு, மீதியை ஏறுவரிசையில் அடுக்கிக் கொடு. எந்த ஸ்கிரிப்டிங் மொழியிலும் ஐந்தாறு வரி. அதிலும் அடுக்குவது ஒரே வரி. இதையே பி.டி.யின் மூலப் பெட்டிகளை மட்டும் வைத்துச் செய்து பாருங்கள். சுற்றிச் சுற்றி ஓட 'அன்டில்' பெட்டி, எண்ணுவதற்கு ஒரு 'ஃப்ளோட்' பெட்டியும் ஒன்றைக் கூட்டும் பெட்டியும், நிறுத்துவதற்கு ஒப்பிடும் பெட்டி, எண்களை வைக்க ஓர் அட்டவணை, எதற்குப் பிறகு எது என்று சொல்ல 'ட்ரிக்கர்' பெட்டிகள்... திரை நிறைந்துவிடும். மறுநாள் அதைப் பார்த்தால் வரைந்தவருக்கே புரியாது. இடியாப்பச் சிக்கல் என்பதற்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது. :-)

இத்தனைக்கும் அது இசை வேலை. வரிசைப்படுத்துவது, தேடுவது, நினைவில் வைப்பது, 'இப்படியானால் அப்படி' என்பது எல்லாம் இசையமைப்பவர் தினமும் செய்வது. தாளில் எழுதும்போது யாரும் இதற்குக் கம்பி இழுப்பதில்லை.

முதல் சாக்கு: "படம் தூய்மையானது"

எழுத்து வந்தால் படத்தின் தூய்மை கெட்டுவிடுமாம். தூய்மையை இந்தப் பேட்சில் எங்கே தேடுவது?

பி.டி. பேட்ச் ஒன்றைச் சாதாரண உரைத் தொகுப்பியில் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பது முழுக்க எழுத்து. 'இந்த இடத்தில் இந்தப் பெட்டி, மூன்றாம் பெட்டியிலிருந்து ஐந்தாம் பெட்டிக்குக் கம்பி' என்று வரிவரியாக. பெட்டிக்குள் போடுவதும் எழுத்துதான். பெயரைத் தட்டாமல் பெரும்பாலான பெட்டிகள் வேலை செய்யாது. போதாததற்கு 'எக்ஸ்ப்ர்' என்று ஒரு பெட்டி பி.டி.யோடு கூடவே வருகிறது. அதில் கணக்குச் சமன்பாட்டை நேரடியாக எழுதலாம், 'இப்படியானால்' கூடப் போடலாம். தூய்மைக் காவலர்கள் இதை ஒரு நாளும் எதிர்த்ததில்லை. இன்னும் வேடிக்கை, பி.டி.யின் திரையை வரைவதே டிசிஎல் என்கிற ஸ்கிரிப்டிங் மொழிதான். ஸ்கிரிப்டிங் மொழி வீட்டுக்குள் வந்து பல வருடம் ஆகிறது. ஜன்னல் துடைக்க மட்டும் விட்டிருக்கிறார்கள், சமையலறைக்குள் விடமாட்டார்களாம்.

சரி, படம் எல்லாவற்றையும் வெளிப்படையாகக் காட்டுகிறதா என்றால் அதுவும் இல்லை. பி.டி.யில் ஒரு வெளிவாசலிலிருந்து இரண்டு கம்பிகள் கிளம்பினால் எது முதலில் போகும்? எந்தக் கம்பியை முதலில் இழுத்தீர்களோ அது. இந்தத் தகவல் படத்தில் எங்கேயும் தெரியாது. பார்ப்பதற்கு அச்சாக ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பேட்ச்கள் வெவ்வேறு விதமாக ஓடலாம். மேக்ஸில் வேறு கூத்து. அங்கே வலது பக்கம் இருப்பது முதலில் ஓடும். அழகுக்காக ஒரு பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தால் நிரலின் வரிசையே மாறிப்போகும். இதற்கு மருந்தாகத்தான் 'ட்ரிக்கர்' பெட்டியைப் போடுங்கள் என்று எல்லாப் பாடத்திலும் தலைப்பாடாக அடித்துக்கொள்கிறார்கள். 'முதலில் இது, பிறகு அது' என்று சொல்ல ஒரு தனிப் பெட்டி! எழுத்தில் அதற்குப் பெயர் அடுத்த வரி.

படம் நல்லது. ஆனால் எல்லாவற்றுக்கும் படம்தான் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் படத்துக்கே கெட்ட பெயர் வாங்கித் தருகிறார்கள்.

இரண்டாம் சாக்கு: "வேறு மொழிக்குப் போ"

சூப்பர்கொலைடர் உண்டு, சக் உண்டு, சிசவுண்ட் உண்டு. எல்லாம் நல்ல மொழிகள்தான். ஆனால் இந்தப் பதிலைச் சொல்பவர்கள் யாரிடம் சொல்கிறார்கள் என்று யோசிப்பதில்லை.

பி.டி.க்கு வருபவர்களில் பெரும்பாலோர் நிரலாளர்கள் அல்லர். இசைக்காரர்கள், ஓவியக் கல்லூரிக்காரர்கள், நடனத்துக்கு ஒலி அமைப்பவர்கள். படம் இருப்பதால்தான் வந்தார்கள். ஆறு மாதத்தில் ஒரு பெரிய பேட்ச் கட்டிவிடுகிறார்கள். அப்போதுதான் மேலே சொன்ன சிக்கல் வருகிறது. அந்த நேரத்தில் அவர்களுக்கு இருக்கும் வழிகள் இரண்டு. ஒன்று, சி மொழி கற்று எக்ஸ்டர்னல் எழுதுவது. இரண்டு, கட்டியதையெல்லாம் போட்டுவிட்டு வேறு மொழியில் 'அ'வன்னாவிலிருந்து ஆரம்பிப்பது. கீழ்ப்படி இருக்கிறது, மேல்படி இருக்கிறது, நடுவில் படியே இல்லாத ஏணி இது. ஏற முடியாதவர்கள் விழுகிறார்கள். விழுந்தவர்களைப் பார்த்து "நீ ஏன் வேறு ஏணிக்குப் போகவில்லை?" என்று கேட்பது என்ன நியாயம்?

பெட்டிக்குள் பத்து வரி எழுத வசதி இருந்தால் அதுவே நடுப்படி. தொண்ணூறு சதம் படமாகவே இருக்கட்டும். சிக்கலான அந்த ஒரு மூலையை மட்டும் எழுத்தாக்கி, அதற்கும் உள்வாசல் வெளிவாசல் வைத்து, மற்ற பெட்டிகளோடு பெட்டியாக உட்கார வைத்தால் போதும். பார்க்கிறவர்களுக்கு அது இன்னொரு பெட்டி, அவ்வளவுதான்.

நடுவில் ஒரு நியாயமான கவலை

இவர்களில் விஷயம் தெரிந்தவர்கள் சொல்லும் ஒரு மறுப்பு மட்டும் உண்மையிலேயே கனமானது. அது நேரம்.

பி.டி. ஒலியை 64 மாதிரிகள் கொண்ட துண்டுகளாகக் கணக்கிடுகிறது. ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகள் என்றால் ஒரு துண்டுக்குச் சுமார் 1.45 மில்லி விநாடி. இடையகம் கொஞ்சம் மூச்சுவிட இடம் தரும், ஆனால் சராசரியாக அந்த நேரத்துக்குள் வேலை முடிந்தாக வேண்டும். முடியவில்லை என்றால் 'டப்' என்று ஒரு சத்தம், ஒலி அறுந்துவிடும். மேடையில் இது நடந்தால் மானம் போய்விடும். ஸ்கிரிப்டிங் மொழிகளோ தம் பாட்டுக்கு நினைவகத்தைக் கேட்கும், நடுநடுவே குப்பை பெருக்கவும் உட்காரும். எப்போது உட்காரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பி.டி.யில் செய்திகளும் ஒலிக் கணக்கும் ஒரே இழையில் மாறி மாறி ஓடுகின்றன. ஸ்கிரிப்ட் தாமதித்தால் ஒலியும் சேர்ந்து தாமதிக்கும்.

மேக்ஸ் இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டது. அதன் 'ஜேஎஸ்' பெட்டியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் எப்போதும் முன்னுரிமை குறைந்த இழையில்தான் ஓடும். ஒலி அறுந்து போகாது, ஆனால் தாளம் நகரும். திரையில் ஒரு ஜன்னலை இழுத்தால்கூட ஸ்கிரிப்டின் பதில் தள்ளிப்போகலாம். 2018ல் வந்த மேக்ஸ் 8ன் நோட் வசதியில் ஸ்கிரிப்ட் தனிச் செயலியாகவே வெளியே ஓடுகிறது. இணையத்திலிருந்து தகவல் எடுக்க அருமை. மிருதங்க அடி மாதிரித் துல்லியமாக எதையாவது தட்ட வேண்டும் என்றால் உதவாது.

ஆக, எந்த மொழியை வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் போட்டுவிட முடியாது என்பது உண்மை. ஆனால் இதிலிருந்து 'எந்த மொழியும் வேண்டாம்' என்று முடிவுக்கு வருவது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. மொழியைப் பார்த்துப் பொறுக்க வேண்டும் என்பதுதான் இதிலிருந்து வரும் பாடம். "முடிவில்லாமல் சுற்றும் ஸ்கிரிப்டை யாராவது எழுதிவிட்டால் எல்லாம் உறைந்துபோகுமே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 'அன்டில்' பெட்டிக்கு நிறுத்தக் கம்பி கொடுக்க மறந்து பாருங்கள். இன்றைக்கே, ஒரு வரி ஸ்கிரிப்ட் இல்லாமலே உறையும்.

மூன்றாம் சாக்கு: "எக்ஸ்டர்னல் இருக்கிறதே"

இனிதான் முக்கியமான விஷயம்.

ஆம், இருக்கிறது. தாமஸ் கிரில் பைத்தானைக் கொண்டுவந்தார். கிளாட் ஹைலாண்ட்-ஆலன் லுவாவைக் கொண்டுவந்தார், அதை இப்போது ஆல்பர்ட் கிராஃப் பேணி வளர்க்கிறார். எல்லாமே ஆர்வத்தில் செய்த அருமையான வேலைகள். அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. குறை, இவ்வளவு அடிப்படையான ஒன்றை 'வெளியிலிருந்து இறக்கிக்கொள்' என்று தள்ளிவிடும் மனப்பான்மையின் மேல்.

ஒரு பேட்ச் என்பது வெறும் நிரல் அல்ல. அது ஒரு இசைப் படைப்பின் சுரக்குறிப்பு. ஃபிலிப் மனூரி 1988ல் பியானோவுக்கும் கணினிக்குமாகப் 'ப்ளூட்டோன்' என்ற படைப்பை எழுதினார். மேக்ஸின் தொடக்க நாட்களின் படைப்பு அது. அன்று ஒலியை உண்டாக்கிய 4எக்ஸ் என்கிற இர்காம் இயந்திரம் எப்போதோ போய்விட்டது. படைப்பு போகவில்லை. அடுத்தடுத்த இயந்திரங்களுக்கு மாற்றி மாற்றிக் கொண்டுவந்தார்கள். கடைசியில் பக்கெட்டே இத்தகைய படைப்புகளைப் பி.டி.யில் மறுபடி கட்டி, யாரும் எடுத்து வாசிக்கும்படி வைக்க ஒரு திட்டம் நடத்தினார். பழைய பேட்ச் புதிய பதிப்பிலும் திறக்க வேண்டும் என்பதில் அவருக்கு இருக்கும் பிடிவாதம் இதிலிருந்து வருவது. மூலப் பெட்டிகளைக் குறைவாக வைத்தால்தான் நீண்ட நாள் காக்க முடியும் என்பது கணக்கு. தப்பான கணக்கு என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் அந்தக் கணக்கு ஒன்றை விட்டுவிடுகிறது. மூலத்தில் இல்லை என்பதற்காக மக்கள் சும்மா இருப்பதில்லை. தேவை இருக்கிறதே! எக்ஸ்டர்னலைத் தேடிப் போகிறார்கள். அந்த எக்ஸ்டர்னல் செத்தால் படைப்பும் சாகிறது.

இது கற்பனை அல்ல, நடந்தது. எக்ஸ்டர்னல்களை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு 'பி.டி. எக்ஸ்டெண்டட்' என்று ஒரு பதிப்பு வந்துகொண்டிருந்தது. கல்லூரிகளில் அதைத்தான் கற்றுக்கொடுத்தார்கள், பாடப் புத்தகங்கள் அதை வைத்து எழுதப்பட்டன. 2013ல் அதன் கடைசிப் பதிப்பு. அதோடு நின்றது. அந்தக் காலத்துப் பேட்ச்களை இன்றைய பி.டி.யில் திறந்தால் அங்கங்கே பெட்டிகளைச் சுற்றிக் கோடு உடைந்து உடைந்து தெரியும். 'இந்தப் பெட்டியை உருவாக்க முடியவில்லை' என்பதற்கு அதுதான் அடையாளம். பெயர் இருக்கும், உயிர் இருக்காது. கல்லறைக் கல் மாதிரி.

2016ல் பி.டி.க்குள்ளேயே எக்ஸ்டர்னல்களைத் தேடி இறக்கும் 'டெக்கன்' வசதி வந்தது. நல்ல முன்னேற்றம். ஆனால் இறங்குவது கம்பைல் செய்த கோப்பு. அது இயங்குதளத்துக்கு ஒன்று, சில்லுக்கு ஒன்று. 2019ல் ஆப்பிள் 32 பிட் நிரல்களை ஓட்டுவதை நிறுத்தியது. 2020ல் சில்லையே மாற்றியது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து எக்ஸ்டர்னலை மறுபடி கம்பைல் செய்து ஏற்ற வேண்டும். அவருக்கு வேலை மாறிவிட்டால்? ஆர்வம் போய்விட்டால்? பேட்சுக்கு அதோடு கதை முடிந்தது.

பைத்தானுக்கு இன்னொரு கண்டம். 2020ன் தொடக்கத்தில் பைத்தான் 2க்கு மூடுவிழா நடந்தது. பைத்தான் 2ல் எழுதிய ஸ்கிரிப்ட்கள் பைத்தான் 3ல் அப்படியே ஓடாது. எழுதியவரே உட்கார்ந்து மாற்ற வேண்டும். இசையமைப்பாளர் உயிரோடு இல்லை என்றால் யார் மாற்றுவது?

மேக்ஸ் செய்துகாட்டிய சோதனை

'மூலத்தோடு வருவது', 'வெளியிலிருந்து வருவது' இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று காட்ட மேக்ஸின் வரலாறே ஒரு சோதனைச்சாலை. 2004ல் வந்த மேக்ஸ் 4.5ல் ஒரே நேரத்தில் இரண்டு மொழிகள் சேர்ந்தன: ஜாவாஸ்கிரிப்டும் ஜாவாவும். ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் இயந்திரத்தை மேக்ஸ் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டது. ஜாவாவுக்கோ கணினியில் இருக்கும் ஜாவாவை நம்பியது.

என்ன ஆயிற்று? 2011ல் மேக் ஓஎஸ் லயனிலிருந்து ஆப்பிள் ஜாவாவை முன்கூட்டியே நிறுவித் தருவதை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு ஜாவாப் பெட்டி உள்ள பேட்சைத் திறப்பவர் முதலில் போய் ஜாவாவைத் தேடி நிறுவ வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்ப் பெட்டிக்கு அந்தத் தலைவலியே இல்லை. அதன் இயந்திரம் பழசாகிப்போனது, கேலி செய்தார்கள், உண்மைதான். 2024ல் மேக்ஸ் 9 வந்தபோது 'வி8' என்ற புதிய பெட்டியில் நவீன ஜாவாஸ்கிரிப்ட் வந்தது. பழைய 'ஜேஎஸ்' பெட்டியையும் தூக்கி எறியவில்லை. பழசு பழசாகவே ஓடுகிறது, புதுசு புதுசாக ஓடுகிறது. ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு பிள்ளைகள். ஒன்று வீட்டில் வளர்ந்தது, ஒன்று விடுதியில். வித்தியாசம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது.

மேக்ஸ் காசு கொடுத்து வாங்கும் மூடிய மென்பொருள். நிறுவனம் நாளை என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. நீண்ட காலத்துக்குப் படைப்பைக் காப்பாற்றும் தகுதி பி.டி.க்குத்தான் அதிகம். அந்தப் பி.டி.யே இந்த விஷயத்தில் பின்தங்கி நிற்பதுதான் வயிற்றெரிச்சல்.

எந்த மொழி?

மூலத்தோடு சேர்க்க மூன்று தகுதி வேண்டும். சின்னதாக இருக்க வேண்டும். வேறெதையும் நம்பாமல் தனியாக நிற்க வேண்டும். நேரக் கட்டுக்குள் அடங்க வேண்டும்.

பைத்தானுக்கு ஆள் பலம் அதிகம், நூலகங்கள் அதிகம். ஆனால் அது பெரிய குடும்பம். மூட்டை முடிச்சோடு வரும், கணினிக்குக் கணினி பதிப்பு மாறும். ஜாவாஸ்கிரிப்டின் வேகமான இயந்திரங்கள் எல்லாம் ராட்சசர்கள். பெரிய நிறுவனங்கள் தங்கள் உலாவிக்காக வளர்ப்பவை. அவற்றைக் கட்டி மேய்க்க ஒரு சின்னக் கட்டற்ற திட்டத்தால் ஆகாது.

மிஞ்சுவது லுவா. 1993ல் பிரேசிலில், ரியோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. மற்ற நிரல்களுக்குள் உட்காருவதற்காகவே செய்யப்பட்ட மொழி. மொத்த மூல நிரலும் ஏறத்தாழ 30,000 வரி சி மொழி. பி.டி.யும் சி மொழிதான். நினைவகம் எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று பி.டி.யே சொல்லலாம். குப்பை பெருக்குவதையும் ஒரேயடியாகச் செய்யாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யச் சொல்லலாம். உரிமமும் தடையில்லாதது.

இது புது யோசனையும் அல்ல. ஆர்டர் ஒலிப்பதிவு மென்பொருள் 2016ல் லுவாவை உள்ளே சேர்த்துக்கொண்டது. 2018ல் வந்த நார்ன்ஸ் என்ற இசைக் கருவிக்கு ஸ்கிரிப்ட் எழுதுவது லுவாவில்தான். ரீப்பர் மென்பொருளில் லுவா கூடவே வருகிறது, பைத்தான் வேண்டுமென்றால் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும். பி.டி.யின் கிளைகளே இதைச் செய்து காட்டிவிட்டன. பர் டேட்டா, பிளக்டேட்டா இரண்டிலும் லுவா கூடவே வருகிறது. ஸ்கிரிப்டில் எழுதிய பெட்டி மற்ற பெட்டிகளோடு ஒன்றாக உட்காருகிறது, உள்வாசல் வெளிவாசலோடு. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

லுவாவும் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறுகிறதே என்று கேட்கலாம். மாறுகிறது. 5.1ல் எழுதிய சில 5.2ல் ஓடாது. 5.3ல் முழு எண்களின் நடத்தையே மாறியது. ஆனால் 30,000 வரியை அப்படியே பி.டி.யின் மூலத்துக்குள் நகலெடுத்து, 'இந்தப் பதிப்பு, இனி மாறாது' என்று முத்திரை குத்திவிடலாம். சின்ன மொழியின் லாபமே அதுதான். பைத்தானை அப்படி உறைய வைத்துக் காப்பாற்ற யாராலும் முடியாது.

"சேர்த்தால் பராமரிக்கும் சுமை யாருக்கு?" என்பது கடைசிக் கேள்வி. நியாயம். ஆனால் சேர்க்காமல் இருப்பதற்கும் சுமை உண்டு. மொழி இல்லாததால் பி.டி. என்ன செய்துகொண்டிருக்கிறது? பட்டியலுக்குத் தனிப் பெட்டிகள், உரைக்குத் தனிப் பெட்டிகள், அட்டவணைக்குத் தனிப் பெட்டிகள், ஒரே பேட்சைப் பல நகல் எடுக்க 2016ல் ஒரு 'க்ளோன்' பெட்டி என்று ஒன்று ஒன்றாக முளைத்துக்கொண்டே இருக்கின்றன. 'க்ளோன்' வருவதற்கு முன்னால் மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பேட்சுக்கே ரகசியச் செய்திகள் அனுப்பி, அது தானாகப் பெட்டி வரைந்துகொள்ளும்படி செய்தார்கள். 'இது அதிகாரபூர்வமானது அல்ல, எப்போது வேண்டுமானாலும் உடையலாம்' என்று தெரிந்தேதான் செய்தார்கள். முன்வாசலை அடைத்தால் கொல்லைப்புறம் வழியாக வருவார்கள். அதில் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொள்வது அவர்களுடைய படைப்புகள்.

ஆகவே, மொழி வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்கு நேரம் கடந்துவிட்டது. மொழி ஏற்கனவே உள்ளே இருக்கிறது. பெட்டிப் பெயராக, சமன்பாடாக, ரகசியச் செய்தியாக, உடைந்துபோகும் எக்ஸ்டர்னலாக. அதைக் கையைப் பிடித்து முன்வாசல் வழியாக அழைத்து வந்து, ஒரே ஒரு பெட்டி, ஒரே ஒரு மொழி, மாறாத ஒரு பதிப்பு என்று உட்கார வைத்தால் போதும். படம் பிடித்தவர்கள் அந்தப் பெட்டியைத் தொடவே வேண்டாம், யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை.

அதைச் செய்யாமல் தூய்மை பேசிக்கொண்டிருந்தால் 2040ல் யாரோ ஒரு பியானோ கலைஞர் நல்ல படைப்பு ஒன்றின் பேட்சைத் திறப்பார். படம் முழுசாக இருக்கும், கம்பிகள் எல்லாம் இருக்கும், நட்டநடுவே ஒரு பெட்டி மட்டும் உடைந்த கோட்டோடு நிற்கும். சுத்தபத்தமான படம்தான், சத்தம்தான் வராது.